கேமரா நின்ற இடம்

தங்கையின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து, அவள் தலையைச் சுவரில் மோதினான் அண்ணன். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா செய்த முதல் வேலை, டிவியின் சத்தத்தைக் கூட்டியது. இரண்டாவது வேலை, தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தியது. மகளைப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது மூன்றாவதாகக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் அடிப்பது குற்றமில்லை. அடி வாங்குகிறவளின் குரல் படி தாண்டுவதுதான் குற்றம்.

அலுவலகத்திலிருந்து பாதி வேலையில் வரவழைக்கப்பட்ட மருமகள் கதவைத் திறந்ததும் கண்டது இதைத்தான். செருப்போடு உள்ளே ஓடி இருவருக்கும் நடுவில் புகுந்தாள். நாத்தனாருக்கு விழ வேண்டிய அடுத்த அடி இவள் காதோரம் விழுந்தது. டிவியில் யாரோ யாரையோ கேலி செய்ய, ஒரு கூட்டமே கைதட்டிச் சிரித்தது.

"நகருடி! இவள இன்னிக்கு உயிரோட விட்டா நான் மனுஷனே இல்ல."

"நீங்க மனுஷனாங்கறத அப்புறம் பேசிக்கலாம். முதல்ல முடிய விடுங்க. ரத்தம் கொட்டுது, கண்ணு தெரியலையா?"

அவள் கணவன் விட்டான். விட்டதற்குக் காரணம் இரக்கமில்லை, கை வலித்தது. சின்னவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் எல்லோருக்கும் அவள் சின்னவள். நெற்றி கிழிந்திருந்தது. இடது மணிக்கட்டை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். அவள் அழவில்லை என்பதுதான் அண்ணனுக்கு ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

சோபாவில் சின்ன மாமனார் உட்கார்ந்திருந்தார். கணவனின் சித்தப்பா. அப்பா போன பிறகு அந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். கையில் போனை வைத்துக்கொண்டு, "சீ, கண்ணால பாக்கக்கூடாத கண்றாவி" என்று சொல்லிச் சொல்லியே அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்றாவி ஒன்றும் பெரிதில்லை. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையின் கதவருகே, சின்னவள் நிற்கிறாள். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வரும் இளைஞன் எதிரே நிற்கிறான். ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். அவன் அவள் கன்னத்தைத் தொடுகிறான், முத்தமிடுகிறான், படம் முடிகிறது. அந்தச் சில நொடிகள் காலையிலிருந்து தெருவில் ஒரு போன் விடாமல் சுற்றிவிட்டன. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கறிகாய் வாங்கப் போன அம்மாவைப் பார்த்துக் கடைக்காரனே பல்லிளித்தானாம்.

"வாம்மா" என்றார் சின்ன மாமனார். "உன்னத்தான் எதிர்பாத்துட்டிருக்கோம். இப்பல்லாம் ஒருத்தி மூஞ்சிய எடுத்து இன்னொருத்தி உடம்புல ஒட்டி வெச்சுடறாங்களாமே? கம்ப்யூட்டரே எல்லாத்தையும் பண்ணிடுதாம். அந்த மாதிரிதான் இதுவும். லிஃப்ட்காரப் பயதான் பண்ணிருக்கான்."

"பாத்துட்டுச் சொல்றேன் மாமா."

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? ஊருக்கே பொய்யா நிஜமான்னு சொல்றவ நம்ம வீட்டுல இருக்கா. உங்க ஆபீஸ்ல படத்து மேல செவப்பா, குறுக்கால, 'பொய்'னு ஒரு முத்திரை குத்துவீங்களே, அத இதுல குத்திப் போட்டுடு. இவளுக்குப் பேசி வெச்ச மாப்பிள்ளை வீட்டுல பேசிட்டேன். முத்திரை வந்துட்டா நம்பறோம்னு சொல்லிட்டாங்க."

"அது பொய்யா இல்லன்னா?"

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்ப இவ இருக்க மாட்டா" என்றார், பால்காரன் வரமாட்டான் என்று சொல்கிற தொனியில். "அப்புறம் ஒண்ணு. இத எடுத்துப் பரப்புனவன் கைய வெட்டிப் போடாம நான் இந்த வீட்டுல தண்ணி குடிக்க மாட்டேன்." சொல்லிவிட்டு அம்மா கொண்டுவந்த தேநீரை வாங்கிக் குடித்தார். தேநீர் தண்ணீரில் சேராது போலிருக்கிறது.

மருமகள் நாத்தனாரைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைத் தாழிட்டாள். நெற்றிக் காயத்தைத் துடைத்துத் துணியை வைத்துக் கட்டினாள். மணிக்கட்டைத் தொட்டதும் சின்னவள் பல்லைக் கடித்தாள். எலும்பு போயிருக்கிறது என்பது தெரிந்தது.

பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். இதுதான் அவளுடைய அன்றாட வேலை. ஒரு செய்தி நிறுவனத்தின் மூலையில் சின்ன மேசை. எங்கோ எப்போதோ வந்த வெள்ளத்தை நேற்று நம் தெருவில் வந்ததாகக் காட்டும் படங்கள், பேசாத தலைவரைப் பேச வைத்த படங்கள், எல்லாம் அந்த மேசைக்கு வரும். ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது நடந்ததா? இது எங்கிருந்து வந்தது? படிக்கிறவர்களுக்கு முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் போதும். இரண்டாவது கேள்விதான் ராத்தூக்கத்தைக் கெடுக்கும்.

படத்தை மெதுவாக ஓடவிட்டாள். லிஃப்ட்காரன் சின்னவளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கும் இடத்தில் நிறுத்தினாள். ஒட்டவைத்த முகமாக இருந்தால் விரல் குறுக்கே போகும்போது விளிம்பு கலங்கும், கன்னம் குழையும். இங்கே ஒவ்வொரு முடியும் தன் இடத்தில் இருந்தது. நிழல்களும் சரியாக விழுந்திருந்தன.

"நிஜம்தான் அண்ணி" என்றாள் சின்னவள். "எதுக்கு அவ்ளோ உத்துப் பாக்கறீங்க? என்னக் கேட்டா சொல்லிருப்பேனே. காலையிலேர்ந்து அடிக்கறாங்களே தவிர, ஒருத்தரும் என்னக் கேக்கல."

மருமகளுக்கு வெட்கமாக இருந்தது. படத்தில் இருப்பவரிடம் முதலில் கேள் என்பது அவள் மேசையில் பாலபாடம். வீட்டுக்குள் வந்ததும் அவளும் இந்த வீட்டு மருமகளாகிவிட்டாள்.

கதவு தட்டப்பட்டது; தாழை நீக்கியதும் மாமியார் உள்ளே வந்தாள். வந்தவள் மகளின் நெற்றிக் கட்டைப் பார்த்தாள். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொய்னு போட்டுடும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும். ஒரே ஒரு வார்த்தை. என் பொண்ணு பொழச்சுப்பா."

"பொய்னு போட்டா அவர என்ன பண்ணுவாங்க அத்தை?"

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதிலைச் சின்னவள் சொன்னாள்.

"அவரு கீழ கிடங்குல கெடக்காரு அண்ணி. லிஃப்ட் நின்னு போச்சு, வந்து பாருன்னு அண்ணனே போன் பண்ணி வரவெச்சான். டூல் பையோட வந்தாரு. நீங்க பொய்னு எழுதினா, பொய்ப் படம் பண்ணவன்னு அவரக் கொன்னுடுவாங்க. எழுதாதீங்க."

"நிஜம்னு எழுதினா உன்னையும் சேத்துக் கொல்லுவாங்கடி!" என்று மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

"தெரியும்மா."

அந்த வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் கணவனின் குழாய்க் கடையும் கிடங்கும் இருந்தன. லிஃப்ட்காரனின் அப்பா சாக்கடை அடைப்பு எடுத்துப் பிழைத்தவர். அவர் இறங்கிச் சுத்தம் செய்த குழாய்களையெல்லாம் விற்றுத்தான் இந்தக் குடும்பம் நாலு மாடி கட்டியது. விற்றவன் மேலே, இறங்கியவன் கீழே. அவன் மகன் லிஃப்டில் ஏறி மேலே வந்துவிட்டதுதான் இவர்களுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வார்த்தையில் நாத்தனாரைக் காப்பாற்றலாம், அதே வார்த்தையில் அந்தப் பையன் சாவான். இன்னொரு வார்த்தை சொன்னால் இருவரும் சாவார்கள். முதல் கேள்விக்கு எந்த விடை சொன்னாலும் அது பிணத்தில்தான் முடியும். அப்போதுதான் இரண்டாவது கேள்வி நினைவுக்கு வந்தது. படத்தை மறுபடி ஓடவிட்டாள்.

லிஃப்ட்காரனின் ஒரு கை சின்னவளின் கன்னத்தில் இருந்தது. இன்னொரு கையில் ஸ்பேனர். சின்னவளின் இரண்டு கைகளும் அவன் சட்டையைப் பிடித்திருந்தன. அப்படியானால் படம் பிடித்தது யார்? படம் கொஞ்சமும் ஆடவில்லை. ஓரங்கள் வளைந்திருந்தன. மேல்பக்கம் ஒரு பட்டை வெட்டப்பட்டிருந்தது, கண்காணிப்புக் கேமராவானால் தேதி இருக்கவேண்டிய இடம். எல்லாம் உயரத்திலிருந்து கீழ்நோக்கித் தெரிந்தது.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, ஒரு ஸ்டூலையும் எடுத்துக்கொண்டு அவள் மாடிப்படி ஏறினாள். கூடத்தில் யாரும் இல்லை. ஆண்கள் கிடங்குக்கு இறங்கியிருந்தார்கள். கேமரா எங்கே நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பார்கள் அவள் அலுவலகத்தில். கைப்பிடிக் கம்பி படத்தில் எந்தக் கோணத்தில் சாய்கிறதோ அதே கோணத்தில் தெரியும் இடத்தைத் தேடினாள். நின்று பார்த்தாள், படியில் குனிந்து பார்த்தாள். எங்கும் பொருந்தவில்லை. ஸ்டூலின் மேல் ஏறி, மொட்டை மாடிக் கதவுக்கு மேலிருந்த பல்புக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுபோனதும் எல்லாம் அச்சாகப் பொருந்திவிட்டது.

பல்பைக் கழற்றினாள். பால்போன்ற கண்ணாடியின் நடுவில் கடுகளவு ஒரு கறுப்புக் கண் இருந்தது.

அதைக் கையில் பிடித்தபடி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு பல்பை மாற்றியறியாத கணவன், போன மாதம் தானே ஸ்டூல் போட்டு ஏறி இதை மாட்டினான். வேலை விட்டு வந்ததும் வீட்டுக்குள் நுழைய மனமில்லாமல் அவள் இந்தக் கடைசிப் படியில் சற்று உட்கார்ந்திருப்பது வழக்கம். "இருட்டுல எறங்கறே, விழுந்துடப் போறே" என்று சொல்லி அவன் மாட்டியபோது அவள் கண் கலங்கிவிட்டது. பரவாயில்லை, நம்மையும் நினைக்கிறான் என்று அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தாள்.

பல்புக்குள் நகக்கண் அளவு ஒரு கார்டு இருந்தது. மடிக்கணினியில் போட்டுப் பார்த்தாள். சின்னவளும் லிஃப்ட்காரனும் இருந்தார்கள், வெட்டாத படம், மேலே தேதியோடு. அது மட்டுமா? துணி உலர்த்தப் போகும் மாமியார் இருந்தாள். கடைசிப் படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு அழும் அவளே இருந்தாள். ஒரு நாள் அல்ல, பல நாள். அழுது முடித்து முகம் துடைத்துக்கொண்டு இறங்குவது வரை அவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, எதுவும் தெரியாதவனாகச் சாப்பாடு போடச் சொல்லியிருக்கிறான். அடி விழுந்த காதைவிட இது வலித்தது.

கார்டில் இருந்ததையெல்லாம் அலுவலகத் தலைவிக்கு அனுப்பினாள். கூடவே விவரம் எழுதினாள். பல்பை எடுத்துக்கொண்டு கிடங்குக்கு இறங்கினாள்.

கிடங்கில் பெயின்ட் நாற்றமும் ரத்த நாற்றமும் கலந்து வந்தன. பாதி இறக்கிய ஷட்டருக்கு உட்புறம், குழாய்கள் அடுக்கிய இரும்புத் தாங்கியோடு சேர்த்து நைலான் கயிற்றால் லிஃப்ட்காரனைக் கட்டியிருந்தார்கள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. வலது கை விரல்கள் விரல்களாகவே இல்லை. பக்கத்தில் இரும்புக் குழாயோடு நின்றான் சின்ன மாமனாரின் மகன். காதில் போட்டதை ஊருக்கே ஒலிபரப்பாமல் இருக்க முடியாதவன் என்பதால் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"இவரு கை எப்படி இப்படி ஆச்சு?"

"வாயத் தொறக்க மாட்டேன்னான் அண்ணி" என்றான் ரேடியோ. "அதான் ஷட்டருக்கு அடியில வெச்சு எறக்குனோம்."

"தீர்ப்பு சொல்லத்தானே என்னக் கூப்பிட்டீங்க. அதுக்குள்ள தண்டனையும் குடுத்தாச்சா?"

"குத்தவாளி யாருன்னு தெரிஞ்ச கதைதானேம்மா" என்றார் சின்ன மாமனார், ஒரு பெயின்ட் டின்மேல் அமர்ந்தபடி. "நீ சொல்லு. பொய்தானே?"

"படம் நிஜம்."

கணவன் எழுந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பல்பைச் சின்ன மாமனாரின் முன்னால் வைத்தாள்.

"ஆனா இவரு எடுக்கல. எடுத்தது இது. மாடிக்கதவுக்கு மேல மாட்டிருந்துச்சு. நடுவுல பாருங்க, கண்ணு இருக்கு."

"எவன்டா மாட்டுனான்?" என்று கர்ஜித்தார் சின்ன மாமனார். கணவன் குழாய்களை எண்ணுகிறவன் மாதிரி வேறு பக்கம் பார்த்தான்.

மருமகள் ரேடியோவிடம் திரும்பினாள். "தம்பி, தெருவுல முதல்ல போட்டது யாருன்னு தெரியல. உனக்கு யாருப்பா அனுப்பினது? நல்லா யோசிச்சுச் சொல்லு. பரப்புனவன் கைய வெட்டாம விட மாட்டேன்னு உங்கப்பா சொல்லிருக்காரு."

ரேடியோ தன் கையைப் பார்த்துக்கொண்டான். அந்தக் கை அவனுக்கு மிகவும் பிடித்த கை.

"நான் என்ன பண்ணேன் அண்ணி? அண்ணன்தான் அனுப்புச்சு. மேல தேதிய வெட்டிட்டு அனுப்புச்சு. 'இவன் யாரு, அப்பன் என்ன தொழில், எந்த ஆளுங்க, விசாரிடா'ன்னு. எனக்கென்ன தெரியும்? நம்ம பசங்க குரூப்ல போட்டு, யாருக்காச்சும் இவனத் தெரியுமான்னு கேட்டேன். அவ்ளோதான்!"

லிஃப்ட்காரன் ஒரு கண்ணால் கணவனைப் பார்த்தான். கணவனின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின.

"மாமா" என்றாள் மருமகள். "பரப்புனவன் யாருன்னு தெரிஞ்சு போச்சு."

சின்ன மாமனார் தொண்டையைக் கனைத்தார். பல்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிக நிதானமாக, குழந்தைக்குப் புரியவைப்பது போலச் சொன்னார்:

"அவன் பரப்பலம்மா. விசாரிச்சான். கூடப் பொறந்தவ விஷயத்துல ஒரு அண்ணங்காரன் விசாரிக்கக்கூடாதா? அது அவன் கடமையில்ல?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு ஒரு கனைப்பு போதுமாயிருந்தது. சாக்கடைக்காரன் மகன் செய்திருந்தால் கையை வெட்டவேண்டிய பாவம், தன் வீட்டுப் பிள்ளை செய்தான் என்றதும் கடமையாகிவிட்டது.

அந்தக் கனைப்பில் கணவனுக்கு உயிர் வந்தது. ரேடியோவின் கையிலிருந்த குழாயைப் பிடுங்கினான். "புருஷனையே வேவு பாக்கறியாடி?" என்று வீசினான். அடி தோள்பட்டையில் விழுந்தது. அவள் பெயின்ட் டின்களின் மேல் சாய்ந்து விழ, ஒரு டின் உடைந்து வெள்ளைப் பெயின்ட் தரையெல்லாம் ஓடியது. இரண்டாவது முறை ஓங்கினான்.

"அண்ணா."

ஷட்டருக்கு அடியில் குனிந்து சின்னவள் உள்ளே வந்திருந்தாள். உடைந்த கையை மார்போடு அணைத்திருந்தாள். மறு கையில், குழாய் அறுக்கும் பிளேடு. அது யாருக்கு என்று தெரியாமல் அண்ணன் ஒரு அடி பின்வாங்கினான். அவனைத் தாண்டிப் போய், லிஃப்ட்காரனின் கயிற்றை ஒற்றைக் கையால் அறுக்கத் தொடங்கினாள் அவள்.

"அடிக்கறதுன்னா அடி. அந்தப் படத்துல இருக்கறது நாந்தான். போன மாசமும் நாந்தான், அதுக்கு முந்தியும் நாந்தான். இவரத்தான் கட்டிக்கப் போறேன்."

அவன் குழாயை உயர்த்தினான்.

"எல்லாத்தையும் ஆபீசுக்கு அனுப்பியாச்சு" என்றாள் மருமகள், தரையிலிருந்து எழ முயன்றபடி. "நிஜப் படம், பல்பு, இவரு இங்க இருக்கறது, எல்லாம். கொஞ்ச நேரத்துல நான் போன் பண்ணலைன்னா போலீஸ் வரும். நாங்க மூணு பேரும் வெளியில நடந்து போறதா, இல்ல எங்களத் தூக்கிட்டுப் போறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

சாவுக்கு அஞ்சாத மானஸ்தர்கள் போலீசுக்கு அஞ்சினார்கள். முதலில் ரேடியோதான் ஷட்டரை உயர்த்தினான். சின்ன மாமனார் மருமகளின் பக்கத்தில் வந்து குனிந்து, கிட்டத்தட்ட கெஞ்சினார். "சரிம்மா, வைத்தியம் நாமளே பாத்துப்போம். லிஃப்ட்ல கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடு. பொண்ணு படியில விழுந்துட்டா. நீயும் விழுந்துட்டே. வீட்டு விஷயம் வீட்டோட போகட்டும். உன் புருஷன் பாரு, உன் தாலிக்காரன்."

சின்னவளும் அவளுமாக லிஃப்ட்காரனைத் தாங்கித் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லா ஜன்னல்களிலும் முகங்கள் இருந்தன. எல்லாக் கைகளிலும் போன்கள் இருந்தன. மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். "நல்லா எடுங்க. எங்க நின்னு எடுத்தீங்கன்னும் சேத்துச் சொல்லுங்க" என்று சத்தமாகச் சொன்னாள். சில போன்கள் இறங்கின. ஆட்டோக்காரர் ஒருவர் கேட்காமலே வண்டியை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ் லிஃப்ட்காரனின் கையைப் பார்த்துவிட்டு ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். டாக்டர் ஓடி வந்தார். விரல்கள் தேறுமா என்று சின்னவள் கேட்டாள். இப்போது சொல்ல முடியாது என்றார் அவர். ஸ்பேனர் பிடித்த கை அது.

"எப்படி ஆச்சு?" என்று நர்ஸ் கேட்டாள். "லிஃப்ட்ல மாட்டிக்கிச்சா? அப்படித்தான் யாரோ இப்ப போன் பண்ணிச் சொன்னாங்களாம்."

"இல்ல. ஷட்டர்ல வெச்சு நசுக்குனாங்க" என்றாள் சின்னவள். "எங்கண்ணனும் சித்தப்பாவும் அவரு புள்ளையும். என் கைய ஒடச்சது அண்ணன். எழுதிக்குங்க."

நர்ஸ் தயங்கினாள். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "யோசிச்சுச் சொல்லும்மா. கூடப் பொறந்தவன். நாளைக்கு நீ எங்க போவே? பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா? உன் பக்கம் யார் பேசுவா?"

பெயின்ட் காய்ந்து விறைத்துப்போன புடவையோடு மருமகள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தாள்; மாமியாரின் எண். வெட்டிவிட்டு முன்னால் வந்தாள்.

"நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள் நர்ஸ்.

அண்ணி என்று சொல்லலாம். அந்த உறவும் பொய்யில்லை.

"அடிச்சவனோட பொண்டாட்டி" என்றாள் அவள். "நான் பாத்தேன். என்னைச் சாட்சியா எழுதிக்குங்க."